சின்னம்மா செய்த வெயில் பெட்டி

புகைமூட்டம் வந்த வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வயதுக்காரர்கள் எல்லாரும் முதலில் மூக்கைத் தொட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கதை வருகிறது. ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு தீபாவளித் துணி எடுக்க மலாக்கா போனதைச் சொல்வார். இன்னொருவர் பள்ளித் திடலில் எதிர்க் கோல் கம்பமே தெரியாமல் பந்து விளையாடியதைச் சொல்வார். எனக்கு அந்த வருடம் என்றால் சின்னம்மாதான். அவளுடைய பெரிய வயிறு, அவள் மடியில் செங்கல் மாதிரி கிடந்த கைப்பேசி, அப்புறம் அந்த வெயில் பெட்டி.

உங்களில் பாதிப்பேர் அதற்கு முன்பே நம் ரப்பர் தோட்டத்தை விட்டு, லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஆயர் குரோவுக்கும் மலாக்காவுக்கும் போய்விட்டீர்கள். தோட்டத்தின் கடைசி மாதங்கள் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன். என் மகளிடமும் சொல்லிப் பார்த்தேன். சுவரில் சுவிட்ச் இருந்தும் கரண்ட் வராத வீட்டில் இருந்தோம் என்றதற்கு, "கத விடாதீங்கலா அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

தோட்டம் கைமாறியதும் புதுக் கம்பெனிக்காரர்கள் செய்த முதல் வேலை ஜெனரேட்டரை நிறுத்தியது. சாயங்காலம் ஆனால் டுக் டுக் என்று ஓடி, நமக்கெல்லாம் தொலைக்காட்சிப் படம் காட்டிய அதே ஜெனரேட்டர்தான். அடுத்து ஆபிஸை மூடினார்கள். அதோடு தோட்டத்தின் ஒரே தொலைபேசியும் போனது. யாரும் எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. தாமாகவே போய்விடுவார்கள் என்று காத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் போய்க்கொண்டும் இருந்தது. வரிசையாகக் கட்டிய லயத்தில் காலியான வீடுகளின் கதவுகள் காற்றில் அடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்கைத் துடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கண்ணாடிச் சிமினிக்குள் கை நுழைகிற அளவுக்குச் சின்னக் கை எனக்குத்தான் இருந்ததாம்.

அப்பாவுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் ஆசை. அவர் மஸ்ஜித் தானாவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, வேலை பார்த்தார். தோட்டத்துக்கும் அவருக்கும் ஒட்டும் உறவும் அப்போதே விட்டுப்போயிருந்தது. அம்மாதான் அசையவில்லை. காரணம் சின்னம்மா. தாய் தகப்பன் இல்லாமல் அம்மா கையில் அந்த வீட்டிலேயே வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி ஆயர் குரோவில் வாடகை வீட்டில் இருந்தாள். சித்தப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். அவளுக்கு ஏற்கனவே இரண்டு கரு நிற்காமல் போயிருந்தது. மூன்றாவது நின்றுவிட்டது. வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"தலப்பிரசவம் தாய் வீட்டுலதான். என்னிய விட்டா யாரு இருக்கா அவளுக்கு?"

அப்பா கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருந்தவள இங்க கொண்டாந்து எண்ண வெளக்குல வெச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?"

"இது அவ தாய் வீடு. இது இருக்கற வரைக்கும் அவ இங்கதான் வருவா. நீங்க வீட்ட மாத்தணும், வீட்ட மாத்தணும்னு சொல்றீங்களே, மாத்திட்டா அவளுக்குத் தாய் வீடு எது?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவிடம் அதற்கு மேல் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

சின்னம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலைத் தின்றுகொண்டு சிரித்தாள். அன்றைக்கு அந்தச் சிரிப்பைச் சந்தோஷம் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

சித்தப்பா, யாரோ பாவித்த கைப்பேசி ஒன்றை வாங்கி அவளிடம் கொடுத்திருந்தார். வலி எடுத்தால் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. தண்ணீர்த் தொட்டி இருந்த மேட்டில் ஏறி நின்றால் லைன் கிடைக்கும். சார்ஜ்தான் கிடைக்காது. முதலில் அப்பா அதை வேலைக்குக் கொண்டுபோய் அங்கே சொருகிக் கொண்டுவந்தார். அதில் ஒரு சிக்கல். அப்பா போகிற நேரம்தான் அம்மாவும் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குப் புல் வெட்டப் போகிற நேரம். நானும் பள்ளிக்கூடம். சின்னம்மா தனியாக இருக்கிற அந்தப் பகல் நேரத்தில் போன் மட்டும் மஸ்ஜித் தானாவில் உட்கார்ந்திருக்கும்.

"நல்லாருக்கு மாமா. வலி எனக்கு இங்க வரும், போனு அங்க ஒங்க மேசையில கெடக்கும்," என்றாள் சின்னம்மா.

அடுத்த வாரம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் ஒரு சோலார் பலகையோடு வந்து நின்றாள். பாக் சிக் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் கேலோங்கில் விளக்கு எரிக்க வைத்திருந்தது. கடலுக்குள் கம்பு நட்டு மீன் பிடிப்பார்களே, அந்தக் கேலோங். அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு இப்போது கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பலகை நம் வீட்டுச் சாமிப் படத்தின் அளவுதான் இருக்கும். மூலையில் உப்புக் கறை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் கருவாட்டு வாசனை வரும். அந்த வாசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளியில் சவர்க்காரத்தோடு வந்தாள்.

சின்னம்மா ஆயர் குரோவில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அதைக் கேட்டு அவளுக்கு எல்லாம் தெரியும் என்று பக்கத்து வீடுகளில் நினைத்தார்கள். அவளோ சிரிப்பாள். "லைன்ல நான் டயோடு மட்டுந்தான் வெப்பேன். எனக்கு முந்தி என்ன நடந்துச்சு, பிந்தி என்ன நடந்துச்சு, ஒண்ணும் தெரியாது. போர்டு வரும், வெப்பேன், போயிரும்." அதனால் தெரியாததை அவள் தெரிந்த மாதிரி செய்யவில்லை. மஸ்ஜித் தானாவில் ரேடியோ பழுது பார்க்கும் சீனக் கடைக்காரரிடம் போய் நின்று, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் கூடப் போனேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, ஊதுபத்தி அட்டையின் பின்னால் படம் வரைந்து காட்டினார். ஊசி ஆடுகிற பழைய மீட்டர் ஒன்றையும் கொடுத்தார். அதன் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு. ஊசி கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் பேட்டரி பசியோடு இருக்கிறது, மேல்கோட்டைத் தாண்டினால் வயிறு நிறைந்துவிட்டது.

அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. "இவ்வளவு எதுக்கு? பலகையில இருந்து ரெண்டு வயர இழுத்து நேரா ஹேன்போன்ல சொருகு, முடிஞ்சிச்சி."

"நல்ல வெயில்ல இது குடுக்கறத ஹேன்போனு தாங்காது மாமா. மேகம் வந்தா பத்தவும் பத்தாது. வெயில் மொதல்ல பேட்டரிக்குப் போவட்டும். பேட்டரிதான் நிதானமாக் குடுக்கும்."

பேட்டரி, ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளுடையது. அதற்கும் போனுக்கும் நடுவில் காரில் சொருகுகிற சார்ஜர். பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவில், அவள் உலகத்திலேயே நன்றாக அறிந்த அந்த டயோடு. வெயில் இல்லாத நேரம் பேட்டரியில் ஏறியது பலகைக்கே திரும்பிப் போய்விடாமல் இருக்க அது வேண்டுமாம். ஒருவழிச் சாலை மாதிரி. கோடு போட்ட முனை பேட்டரியைப் பார்த்து இருக்க வேண்டும். அதைத் திருகி வைக்கும்போது மட்டும் அவள் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது.

வயித்துப் பிள்ளைக்காரி ஈயப் புகையை மூக்கில் இழுக்கக் கூடாது என்று தொழிற்சாலையிலேயே அவளைச் சூடு வைக்கிற பக்கம் விடமாட்டார்களாம். அதனால் ஈயமே இல்லை, எல்லாம் திருகாணிதான். வயரை மாட்டும் முன்பு பலகை மேல் அம்மாவின் பழைய பாத்தேக் கைலியைப் போட்டு மூடச் சொல்வாள். வெளிச்சம் பட்டால் பலகை விழித்துக்கொள்ளுமாம். முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. பேட்டரி வீட்டுக்குள் வரவே கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து கிளம்பும் வாயு மூடிய அறையில் ஆபத்து என்று, பின்கட்டில் காற்றாடுகிற இடத்தில், கூரை நிழலில், சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். பேட்டரியைத் தொட்ட கையைக் கழுவாமல் என்னைச் சோற்றுப் பக்கம் விடமாட்டாள். ஊசி மேல்கோட்டைத் தொட்டதும் "போதும், சாப்புட்டது" என்று மறுபடியும் கைலியால் பலகையை மூடச் சொல்வாள்.

சிவப்பு வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, சின்னக் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றையும் வைத்தாள். அப்பா அதைப் பார்த்து, "ஒடஞ்ச வளையல் துண்டு எதுக்கு?" என்றார்.

"இருக்கட்டும் மாமா."

அன்றைக்கே, அவள் பார்க்காத நேரம், சார்ஜருக்குப் போகும் வயர்களை நேராக்குகிறேன் என்று அப்பா இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்ணாடிக் குச்சி கறுத்துப்போனது. ஃபியூஸ் மட்டும் இல்லாதிருந்தால் வயர் பழுக்கக் காய்ந்து சோடாப் பெட்டியே பற்றியிருக்கும் என்று சின்னம்மா சொன்னபோது அப்பா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு பொட்டலம் ஃபியூஸ் வாங்கி வந்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் சிரித்தாள்.

முதல் தடவை கைப்பேசியில் கட்டம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிச் சார்ஜ் ஆகத் தொடங்கியதைப் பார்க்க, மிச்சமிருந்த லயத்துக்காரர்கள் எல்லாரும் எங்கள் பின்கட்டில் நின்றார்கள். "வெயில் பெட்டி" என்று பேர் வைத்தது அந்தக் கூட்டம்தான். யாரோ ஒருவர், இதில் சோறு பொங்குமா என்றுகூடக் கேட்டார்.

அப்புறம்தான் புகை கனத்தது. எங்கேயோ காடு எரிகிறது என்றார்கள். சூரியன் உரித்த நுங்கு போல வெளிறித் தொங்கும், வெறும் கண்ணால் பார்க்கலாம். துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி வாசனை வரும். ஊசி மேல்கோட்டைத் தொடவில்லை. ஆனாலும் நடுவில் நின்றது. கூரை விளிம்பில் இருந்த பலகையைக் கீழே நின்று கம்பால் வெயிலுக்குத் தக்கபடி திருப்பித் திருப்பி வைத்து, போனைத் தேவைக்கு மட்டும் திறந்து, சின்னம்மா எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூசை வந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, அன்றைக்கு நம் வீடுகளில் திருநீறும் சந்தனமும் படாத பொருள் இருக்காது. பால் கத்தி, புல் வெட்டுகிற கத்தி, தையல் மிஷின், அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. மறுநாள் ஊசி கீழ்க்கோட்டுக்கே இறங்கிவிட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். போனில் ஒரே ஒரு கட்டம். புகை கூடிப்போச்சு என்றார் அப்பா. கண்ணு பட்டுப்போச்சு, எத்தனை பேர் வந்து பார்த்தாங்க என்றாள் அம்மா. பேட்டரி பழசு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சின்னம்மா திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். டயோடைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஸ்டூல் மேல் ஏற முடியாமல் என்னை ஏறிப் பார்க்கச் சொன்னாள்.

பலகையின் குறுக்கே மூன்று பட்டையாகத் திருநீறு. நடுவில் வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். போதாதென்று வாடிப்போன செவ்வந்திச் சரம் ஒன்று மேலே குறுக்காகக் கிடந்தது. அம்மா குறையே வைக்கவில்லை. இத்தனை நாள் தங்கைக்காக உழைத்த சாமானுக்கு, மற்ற எல்லாவற்றையும் விடக் கனமாகவே பூசியிருந்தாள்.

"அக்கா, அதத் தொடைக்கணும்," என்றாள் சின்னம்மா.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "திருநீற அழிக்கறதா? நெற மாசக்காரி பேசற பேச்சா இது? கொஞ்சூண்டு பூசுனதுல என்னா கொறஞ்சி போச்சு? மிச்சம் அவ்ளோ எடம் வெறுமனத்தான கெடக்கு?"

"அக்கா, உள்ள கட்டம் கட்டமா இருக்கு பாரு, அதெல்லாம் வரிசையா கை கோத்து நிக்குது. எங்க லைன்ல ஒருத்தி டாய்லெட் போயிட்டா மொத்த லைனும் நின்னுரும்ல? அந்த மாதிரி. ஒரு கட்டத்த மறச்சாலும் மத்ததும் நின்னுரும்."

அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஈரத்துணியோடு வந்து தானே ஏறித் துடைத்தாள். துடைத்த துணியை மிதிபடாத இடமாகப் பார்த்து வாழை மரத்தடியில் பிழிந்தாள். பிறகு சோடாப் பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பொட்டு வைத்து, "இது மறைக்காதுல்ல?" என்று கேட்டாள். சின்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது யாருக்கு முதலில் என்று எனக்கு நினைவில்லை. இரண்டு பேருக்கும் கலங்கியது.

ஊசி மறுபடியும் நடுவுக்கு வந்தது.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு மத்தியானம், சின்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டில் வியர்வை. "பாப்பா, பையத் தூக்கி வெச்சிட்டு வா. மேட்டுக்குப் போவோம்." என் தோளை அழுத்திப் பிடித்தபடி நடந்தாள். அவள் விரல்கள் பதிந்த இடம் ராத்திரி வரை வலித்தது. மேட்டில் நின்று போனைத் திறந்தாள். மூன்று கட்டம் இருந்தது. கார் ஓட்டும் பாக் சிக்கின் வீட்டுக்குத்தான் போட்டாள். அவருக்கு எங்கள் பாதை தெரியும், ஆஸ்பத்திரி வண்டிக்குத் தெரியாது. அவர் ஏதோ சொல்ல, இவள் "ஆமா பாக் சிக், இப்பத்தான், இப்பத்தான்" என்று மலாயும் தமிழும் கலந்து பேசினாள். நான் அம்மாவைக் கூப்பிடச் செம்பனைக் காட்டுக்கு ஓடினேன்.

அம்மா கால் சட்டையும் பூட்ஸுமாக அப்படியே காரில் ஏறினாள். சின்னம்மா வலியோடே போனை எடுத்து என் கையில் திணித்தாள்.

"நீ வெச்சிக்கடி, வேணுமே," என்று அம்மா கத்தினாள்.

"ஆஸ்பத்திரியில பப்ளிக் போன் இருக்குக்கா. இவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. சேதி தெரியாம எப்பிடி இருப்பாங்க?"

கார் புகைக்குள் போனது. சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அப்பா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளைத் திருப்பினார், பிறகு நிறுத்தினார். அவர் போய்விட்டால் நான் தனி. என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் நடுவழியில் லைன் கிடைக்காது. போனை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தப் போனை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார், விரல் எதிலும் பட்டுவிடாமல்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சின்னம்மாவுக்கு அந்த வீட்டில் இருப்பது பயம்தான். இரண்டு முறை இழந்தவள் பயப்படாமல் எப்படி இருப்பாள்? ஆயர் குரோவுக்கே போய்விடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சித்தப்பா அன்றைக்கே கூட்டிப்போயிருப்பார். அம்மாவிடம் உன் வீடு எனக்குப் போதாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாய் வராத இடத்தில் ஒரு பலகையையும் பேட்டரியையும் வைத்துத் தன் பயத்தைச் சமாளித்துக்கொண்டாள். நாங்களோ அதை அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் மெச்சிக்கொண்டிருந்தோம். பாவம் அவள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் போன் அடித்தது. அப்பா பதறி எழுந்து, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் அமுக்கிக் கொடுத்தேன். அம்மா ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்பவள் போலக் கத்தியதால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"ரெண்டு உசுரும் நல்லாருக்கு! கொடி கழுத்துல சுத்திக்கிச்சாம். வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..."

அப்பா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "என்னா புள்ள?"

"அதக் கேக்கல. நல்லாருக்குன்னு நர்சு சொன்னதும் போனத் தேடி ஓடியாந்துட்டேன்."

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டிருந்தாள். காசு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா மெதுவாகப் பேசினாள். நான் அப்பாவின் கையோடு காதை ஒட்டிக்கொண்டேன்.

"உள்ள தள்ளிட்டுப் போறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு சொல்றா. 'அக்கா, நீ எங்க இருக்கியோ அதான் எனக்குத் தாய் வீடு. செவுரு இல்ல'ங்கறா. இத முந்தியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல இவ?"

அப்பா போனை என் பக்கம் இன்னும் சாய்த்துப் பிடித்தார்.

"கேக்குதா? நாளைக்கி லீவு போட்டுட்டுப் போயி வீடு பாருங்க," என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரிக்குப் பக்கமாப் பாருங்க."